ரிப்பன் பிரபு வீட்டுத் தோட்டத்தில் ஒரு டீ

சென்ற இதழில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் ஸ்டட்லி ராயல் நீர்த்தோட்டத்துக்குப் போய்வந்ததைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுக்க அந்தத் தோட்டம்தான். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம். அரசியலும் ஊழலும் இதிலேயே வருகின்றன.

நீர்த்தோட்டம் என்றால்? தாமரைக் குளமா, நீச்சல் குளமா?
(வாசகி, தஞ்சாவூர்)

இரண்டும் இல்லை. பூக்களைத் தேடிப் போனால் ஏமாந்து போவீர்கள். தண்ணீர், புல், மரம், நடுநடுவே சில மண்டபங்கள், அவ்வளவுதான் சரக்கு. ஸ்கெல் என்றொரு சிற்றாறு பள்ளத்தாக்கில் தன் இஷ்டத்துக்கு வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து நேர்க்கால்வாயாக்கி, பக்கத்தில் ஒரு வட்டக் குளம் வெட்டி, அதன் இருபுறமும் பிறை வடிவில் பக்கத்துக்கொரு குளம் வைத்துவிட்டார்கள். பெயர் நிலாக் குளங்கள். வட்டக் குளத்தின் நடுவே கடல் தெய்வம் நெப்டியூன் நிற்கிறார். எதிர்க்கரையில் ஒரு கிரேக்கக் கோயில். அது தண்ணீரிலும் தலைகீழாகத் தெரியும். காற்றில்லாத நாளில் எது நிஜம், எது நிழல் என்று சொல்வது கஷ்டம்.

பிரெஞ்சு ராஜாக்கள் தண்ணீரை வானத்துக்குப் பீய்ச்சியடித்துப் பெருமைப்பட்டார்கள். இந்தத் தோட்டத்தை அமைத்தவர் தண்ணீரைச் சும்மா இருக்க வைத்துப் பெருமைப்பட்டார். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது.

இதைக் கட்டியது எந்த ராஜா?
(கல்லூரி மாணவர், கோவில்பட்டி)

ராஜா இல்லை, நிதியமைச்சர். பெயர் ஜான் ஐலபி. 1718 முதல் 1721 வரை பிரிட்டனின் நிதியமைச்சர். அந்தக் காலத்தில் தென்கடல் கம்பெனி என்று ஒன்று இருந்தது. நாட்டின் கடனையெல்லாம் நாங்களே ஏற்றுக்கொள்கிறோம், மக்கள் எங்கள் பங்குகளை வாங்கினால் போதும் என்றது கம்பெனி. அந்தத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் தூக்கிப் பிடித்தவர் ஐலபி. 1720-இன் தொடக்கத்தில் நூற்றிச் சொச்சம் பவுண்டாக இருந்த பங்கு, கோடையில் ஏறத்தாழ 1,000 பவுண்டைத் தொட்டது. ஆண்டு முடிவதற்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. விசாரித்துப் பார்த்தால், அமைச்சரின் கணக்கிலேயே 20,000 பவுண்டு மதிப்புள்ள கம்பெனிப் பங்குகள்!

1721-இல் அவரை நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றி லண்டன் டவரில் அடைத்தார்கள். இனி எந்த அரசுப் பதவியும் கிடையாது என்று ஆயுள் தடையும் போட்டார்கள். ஆனால் பழைய குடும்பச் சொத்து தப்பியது. வெளியே வந்த மனிதர் நேராக ஊருக்குப் போய், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்த தோட்ட வேலையை முழுமூச்சாக எடுத்துக்கொண்டார். 1742-இல் சாகும்வரை அதுதான் வேலை.

நம்ம ஊர் சீட்டுக் கம்பெனி மாதிரி என்று சொல்லுங்கள்!
(வணிகர், விருதுநகர்)

சொல்லலாம். என்ன, நம் ஊரில் நிறுவனம் கவிழ்ந்தால் நடத்தியவர் தலைமறைவாகிவிடுவார். இவர் ஊருக்கே வந்து குளம் வெட்டினார். இன்னொரு ஆறுதல்: அந்தப் பங்கில் பணத்தைத் தொலைத்தவர்களில் ஐசக் நியூட்டனும் உண்டு. ஆப்பிள் விழும் என்று தெரிந்தவருக்குப் பங்கு விழும் என்று தெரியவில்லை. ஆகவே, கையைச் சுட்டுக்கொண்ட நம் உறவினர்களை முட்டாள் என்று திட்ட வேண்டாம்.

மண்டபங்கள் என்கிறீர்கள். அவற்றில் யார் குடியிருந்தார்கள்?
(ஓய்வுபெற்ற பொறியாளர், சேலம்)

யாருமில்லை. குடியிருக்கக் கட்டியவை அல்ல அவை. அப்படிச் சும்மா அழகுக்கும் வேடிக்கைக்கும் எழுப்பும் கட்டடங்களுக்கு அங்கே ஃபாலி என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டுச் சீமான்களுக்கு அது ஒரு வியாதி. பக்கத்து எஸ்டேட்காரர் ஒரு கோபுரம் கட்டினால் இவருக்கு ராத்திரி தூக்கம் வராது.

ஸ்டட்லியில் பார்த்தது எல்லாமே செல்லப் பித்தலாட்டம். நான் சொன்ன கிரேக்கக் கோயில் முதலில் வீரன் ஹெர்குலிஸ் பேரில் இருந்தது. ஐலபி இறந்ததும் மகன் வில்லியம் அதை மாற்றி, பிள்ளையின் கடமையுணர்வுக்குக் கோயில் என்று ஆக்கிவிட்டார். மேலே குன்றில் ஓர் எண்கோணக் கோபுரம். கட்டியபோது ரோமானிய பாணி. ஃபேஷன் மாறியதும் அதற்குக் கூர்முனை வைத்து கோத்திக் ஆக்கினார்கள். பளிங்குபோல் நின்ற சிலைகள் வெள்ளையடித்த ஈயம். எல்லாவற்றுக்கும் சிகரம், புகழ் தேவதையின் கோயில். பார்த்தால் கல் தூண்கள். விரலால் தட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று சத்தம் வரும். மரம், அதுவும் உள்ளே வெற்று. பதவி போன மந்திரி வீட்டில் புகழுக்கு இதைவிடப் பொருத்தமான கோயில் யாராலும் கட்ட முடியாது.

உபயோகமில்லாத கட்டடத்துக்கு இவ்வளவு காசா? பணக்காரத் திமிர் என்பதுதானே சரி?
(தொழிற்சங்க ஊழியர், திருப்பூர்)

பாதி சரி. மீதிப் பாதிக்கு அயர்லாந்து போகவேண்டும். 1740-இல் அங்கே கடும் குளிர், பஞ்சம். கில்டேர் பகுதியில் கேத்தரின் கோனலி என்ற கைம்பெண், ஊர் மக்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்கட்டும் என்றே வளைவுகளின் மேல் ஒரு தூபி எழுப்பச் செய்தார். கோனலியின் ஃபாலி என்று இன்றும் நிற்கிறது, நாற்பது மீட்டருக்கு மேல் உயரம். கட்டடத்தால் பயனில்லை, கட்டியதால் பலர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மறுபக்கமும் உண்டு. யார்க்‌ஷயரிலேயே வென்ட்வொர்த் மாளிகை எஸ்டேட்டில் பிரமிடு வடிவக் கட்டடம் ஒன்று, நடுவே ஓட்டையோடு நிற்கிறது. பெயர் ஊசிக் கண். ஊசிக் கண் வழியே குதிரை வண்டியை ஓட்டிக் காட்டுகிறேன் என்று குடிபோதையில் பந்தயம் கட்டிய பிரபு, ஜெயிப்பதற்காகக் கட்டினார் என்று கதை. இதைத் திமிர் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். சிரிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

இருட்டுக் குகை ஒன்று இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பேய் உண்டா?
(எட்டாம் வகுப்பு, நாகர்கோவில்)

பேய் இல்லை கண்ணு. பாம்புபோல் வளைந்த சுரங்கப்பாதை, அதனால் மறுமுனை வெளிச்சம் தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டே போகவேண்டும். முன்னால் போகும் அப்பாவின் முதுகில் மோதுவாய். வெளியே வந்தால் எண்கோணக் கோபுரம்.

ஆன் பொலின் இருக்கை என்று படத்தின் கீழே போட்டிருந்தீர்கள். ராணி அங்கே வந்து உட்கார்ந்தாரா?
(ஆசிரியை, புதுக்கோட்டை)

தோட்டம் பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு வருஷத்துக்கு முந்தியே ராணி போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா. எட்டாம் ஹென்றி 1536-இல் தன் மனைவி ஆன் பொலினின் தலையை வெட்டச் செய்தது உங்களுக்குத் தெரிந்ததே. தோட்டத்தில் அந்த இடத்தில் ஒரு காலத்தில் தலையில்லாத சிலை ஒன்று இருந்தது. அவ்வளவுதான். ஆங்கிலேயர் நகைச்சுவை அப்படி: முகத்தில் ஈயாடாது, ஆனால் தலையைக் கொய்துவிடும்.

வேடிக்கை இதோடு நிற்கவில்லை. குளங்களை விட்டு மேலேறி மரங்களுக்குள் நடந்து வருகிறீர்கள். அந்த இருக்கை மண்டபத்துக்கு வந்து கீழே பார்த்தால், பள்ளத்தாக்கின் கோடியில் ஆறு வளைய, பிரம்மாண்டமான ஒரு மடத்தின் இடிபாடு. அதுவரை எங்கும் கண்ணில் படாமல் மறைத்துவைத்து, அங்கே படாரென்று காட்டுகிறார்கள். அதுதான் ஃபவுண்டன்ஸ் மடம். 1132-இல் யார்க்கிலிருந்து பிரிந்து வந்த 13 துறவிகள் தொடங்கியது. பிறகு ஆட்டு ரோம வியாபாரத்தில் செல்வம் கொழித்தது. 1539-இல் அதைப் பூட்டிச் சொத்தைப் பறித்தவரும் அதே ஹென்றிதான். மனைவியின் தலையும் மடத்தின் கூரையும் ஒரே ஆளால் போயின. தலையிழந்த ராணியின் பெயர் கொண்ட இருக்கையில் உட்கார்ந்து கூரையிழந்த மடத்தைப் பார்க்கிறோம்.

அந்த மடமும் அமைச்சர் சொத்தா?
(வழக்கறிஞர், மதுரை)

இல்லை, அதுதான் அவருக்குத் தீராத ஏக்கம். பக்கத்து நிலக்காரர் கடைசிவரை விற்கவில்லை. மகன் வில்லியம்தான் 1767-இல் 18,000 பவுண்டு கொடுத்து வாங்கினார். வாங்கியவர் சும்மா இருந்தாரா? இடிபாட்டைக் கூட்டிப் பெருக்கி, புல் வெட்டி, பளிச்சென்று ஆக்கினார். இடிபாடு என்றால் கொஞ்சம் கோரமாக இருக்கவேண்டாமா என்று அன்றைய இயற்கை ரசிகர் வில்லியம் கில்பின் எரிந்து விழுந்தார். இடிந்ததைப் பராமரிப்பதில் சண்டை அன்றே தொடங்கிவிட்டது. நம் தொல்லியல் துறையோடு சண்டை போடுகிறவர்கள் கவனிக்க.

ஐயா, அங்கே எனக்கு ஒரு வேலை கிடைக்குமா? மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கத் தயார்.
(வேலை தேடும் பட்டதாரி, கடலூர்)

முந்நூறு வருஷம் தாமதமாக விண்ணப்பித்திருக்கிறீர்கள். தெற்கே சர்ரியில் பெயின்ஸ்ஹில் என்று இன்னொரு தோட்டம். அதன் சொந்தக்காரர் சார்லஸ் ஹாமில்டன் தோட்டத்துக்குக் களை கூட்ட ஒரு முனிவரை வேலைக்குத் தேடினாராம். நிபந்தனை: ஏழு ஆண்டு குடிசையில் வாசம், முடி, தாடி, நகம் வெட்டக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது. முடித்தால் 700 கினி. வந்து சேர்ந்த முனிவர் மூன்றே வாரத்தில் பக்கத்து மதுக்கடையில் அகப்பட்டார், வேலை போயிற்று என்கிறார்கள். உங்களுக்கு மௌனம் கைவருமா, யோசியுங்கள்.

டீக்கடை பற்றி ஒரு வரிதான் எழுதினீர்கள். எங்களுக்கு அதுதான் முக்கியம்!
(வாசகி, குன்னூர்)

குன்னூர்க்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்? கால்வாய் அருவியாக விழுந்து ஏரியில் சேரும் இடத்தில் டீ ரூம். அருவி என்றால் குற்றாலத்தை நினைக்காதீர்கள், இடுப்பளவு ஒழுக்கு. அதன் இரு பக்கமும் மீன்பிடிக்க என்று இரண்டு குட்டி மண்டபங்கள். ஏரியைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளலாம். வாத்துகள் உங்கள் தட்டைக் கணக்கெடுத்துக்கொண்டே நிற்கும்.

டீ வருவது டீபாட்டில். பாலைத் தனியாக ஒரு சின்னக் குவளையில் கொடுப்பார்கள், நீங்களே ஊற்றிக்கொள்ளவேண்டும். பால், சர்க்கரையோடு கொதிக்க வைத்து, இஞ்சி தட்டிப்போட்டு ஆற்றிக் கொடுக்கிற நம் முறை அங்கே செல்லாது. ஆனாலும் யார்க்‌ஷயர்க்காரர்கள் டீயைத் திடமாகத்தான் குடிக்கிறார்கள். லண்டன்காரர் தருவது போல வெந்நீருக்குச் சாயம் காட்டிய சமாசாரம் அல்ல. கூட ஸ்கோன் என்கிற கனத்த பன். அதைப் பிளந்து ஜாமும் கெட்டி க்ரீமும் தடவுவார்கள். முதலில் ஜாமா, க்ரீமா என்று டெவனும் கார்ன்வாலும் போடும் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். யார்க்‌ஷயர் அதில் நடுநிலை. அவர்களுக்குத் தங்கள் வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டியைப் பழக் கேக்கோடு சாப்பிட்டால் போதும். இனிப்போடு உப்புச் சீஸா என்று முகம் சுளித்துவிடாதீர்கள். நம் வீட்டில் தயிர்சாதத்துக்கு மாம்பழம் தொட்டுக்கொண்டவர்தானே நீங்கள்? வென்ஸ்லிடேலை முதலில் செய்தவர்களும் இதே மடத்துப் பிரிவைச் சேர்ந்த துறவிகள் என்பது உள்ளூர் நம்பிக்கை.

விலை? நம் பணத்துக்கு மாற்றிப் பார்க்காதீர்கள், டீ இறங்காது.

தலைப்பில் ரிப்பன் பிரபு என்று போட்டிருப்பது விளம்பரத்துக்கா?
(ஓய்வுபெற்ற மாநகராட்சி ஊழியர், சென்னை)

உங்களுக்குத்தான் அந்தத் தலைப்பு, ஐயா. நீங்கள் வேலை பார்த்த வெள்ளை நிற ரிப்பன் மாளிகைக்குப் பெயர் கொடுத்தவரின் வீடு இதுதான். ரிப்பன் என்பது ஸ்டட்லிக்குப் பக்கத்திலுள்ள சிறு நகரம். தோட்டமும் மாளிகையும் கைமாறிக் கைமாறி ஜார்ஜ் ராபின்சன் என்பவரிடம் வந்தன. அவர் பிறந்ததே லண்டன் டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டில். அப்பா 1827-இல் சில மாதம் பிரதமராக இருந்தபோது பிறந்த பிள்ளை. இந்தப் பிள்ளைதான் 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த ரிப்பன் பிரபு.

முந்தைய வைஸ்ராய் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டப் போட்ட சட்டத்தை ரிப்பன் ரத்துசெய்தார். தமிழில் பத்திரிகை நடத்துகிற, அதில் வாயடிக்கிற என்னைப் போன்றவர்கள் இதற்காகவே அவர் தோட்டத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். 1882-இல் உள்ளாட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். இந்திய நீதிபதி வெள்ளைக்காரரை விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதா வந்தபோது கல்கத்தாவின் வெள்ளைக்காரர்கள் கொதித்தெழ, அதை நீர்த்துப்போகச் செய்யவேண்டியதாயிற்று. அவர் இந்தியாவை விட்டுக் கிளம்பியபோது வழியனுப்ப மக்கள் திரண்டார்கள். ரிப்பன் எங்கள் அப்பன் என்று சென்னையில் கோஷமே இருந்தது. எதுகைக்காக மட்டும் சொன்னதல்ல அது.

1909 ஜூலையில் ரிப்பன் ஸ்டட்லி ராயலில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் மாநகராட்சிக் கட்டடத்துக்கு அடிக்கல். 1913-இல் திறப்பு. அவர் வாழ்ந்த மாளிகை 1946-இல் தீப்பிடித்து அழிந்துவிட்டது. ஆக, ரிப்பன் பேரில் முழுசாக நிற்கிற மாளிகை யார்க்‌ஷயரில் இல்லை, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிறது.

அவர் சமாதியாவது இருக்கிறதா?
(வாசகர், வேலூர்)

இருக்கிறது. மான்கள் மேயும் பூங்காவின் மேட்டில் செயின்ட் மேரி தேவாலயம். கட்டியவர் வில்லியம் பர்ஜஸ், 1871-78. வெளியே சாம்பல் நிறத்தில் சாது. உள்ளே போனால் பொன்னும் வண்ணமும் கொட்டிக் கிடக்கிறது. 1870-இல் ரிப்பனின் மைத்துனரை கிரேக்கத்தில் கொள்ளைக்காரர்கள் பிடித்துக் கொன்றார்கள். அவர் நினைவாக எழுந்தது. இதிலும் ஒரு திருப்பம்: ஆங்கிலிகன் தேவாலயம் கட்டி முடியும் முன்பே, 1874-இல், ரிப்பன் கத்தோலிக்கராக மாறிவிட்டார். ஆனாலும் கடைசியில் அவரை அங்கேதான் வைத்தார்கள். உள்ளே கணவன் மனைவி இருவரின் பளிங்குருவங்களும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கின்றன. சென்னைக்காரர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

மான்? பிடித்துக் கொஞ்சலாமா?
(வாசகி, ஊட்டி)

சிவப்பு மான், புள்ளி விழுந்த ஃபேலோ மான், சிக்கா மான் என மூன்று வகை. இலையுதிர் காலத்தில் ஆண் மான்கள் காதலுக்காகக் கொம்பு மோதும். கொஞ்சப் போகிறவர் உயில் எழுதிவிட்டுப் போகவும்.

முந்நூறு வருஷமாகக் குளத்தில் தண்ணீர் நிற்கிறதென்றால் தூர் வாருவது யார்? எங்கள் ஊர் ஏரியில் பாதி மண்.
(விவசாயி, செங்கல்பட்டு மாவட்டம்)

இந்த இதழின் சிறந்த கேள்வி. ஸ்கெல் ஆறு நல்ல பிள்ளையில்லை. மழை பெய்தால் மேட்டு நிலத்து மண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கால்வாயிலும் ஏரியிலும் கொட்டிவிடும். ஐலபி காலத்திலேயே வெள்ளமும் வண்டலும் தலைவலிதான். ஆற்றை நேராக்கி, வேகத்தைக் கொன்று, அசையாமல் நிற்க வைத்தால் அது சுமந்து வந்த மண்ணை அங்கேயே இறக்கிவைக்காமல் என்ன செய்யும்? அழகுக்குக் காரணமான அதே அசையாமைதான் வண்டலுக்கும் காரணம்.

1983 முதல் இடத்தைப் பராமரிக்கிற நேஷனல் டிரஸ்ட் வாரி வாரிப் பார்த்து, இப்போது வேறு வழிக்கு வந்திருக்கிறது. ஆற்றின் மேல்பகுதியில் விவசாயிகளோடு சேர்ந்து மரம் நடுகிறார்கள், குட்டை வெட்டுகிறார்கள், மண் ஓடாமல் கரையைக் காக்கிறார்கள். ஏரியைக் காப்பாற்ற ஏரிக்கு மேலே வேலை செய்யவேண்டும் என்பது உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்த விஷயம். வரத்துக்கால்வாயை மறந்துவிட்டு ஏரிக்கரையில் நடைபாதையும் பெயர்ப்பலகையும் போடுகிறவர்களுக்கு இந்த இதழை ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

லீட்ஸில் மகன் வீட்டுக்குப் போகிறோம். ஒரே ஒரு நாள் இருக்கிறது. போகலாமா? எப்படிப் போவது?
(தம்பதி, கோயம்புத்தூர்)

கண்டிப்பாகப் போங்கள். ரிப்பனுக்கு ரயில் கிடையாது, 1967-இலேயே பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். லீட்ஸிலிருந்து 36-ஆம் எண் பஸ் ஹாரகேட் வழியாக ரிப்பனுக்குப் போகும். அங்கிருந்து சில மைல். மகன் கார் வைத்திருந்தால் அதை உபயோகித்துக்கொள்ளுங்கள், வளர்த்ததற்கு அதுகூட இல்லையா?

முக்கியமான விஷயம், எந்த வாசல் என்பது. பெரும்பாலோர் வரவேற்பு மையம் இருக்கும் பக்கமாக நுழைந்து முதலிலேயே மடத்தைப் பார்த்துவிடுகிறார்கள். கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற வேலை அது. நீங்கள் மான் பூங்கா வழியாக வந்து ஏரிப்பக்க வாசலில் நுழையுங்கள். முதலில் டீ. பிறகு நிலாக் குளங்கள். அதன்பின் மேலேறிச் சுரங்கம், கோபுரம், புகழ் கோயில் (தூணைத் தட்ட மறக்காதீர்கள்), ஆன் பொலின் இருக்கை. அங்கே நின்று மடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கவேண்டும். ஐலபி குடும்பம் தங்கள் விருந்தாளிகளை அழைத்துப்போன பக்கமும் அதுதான். காலுக்கு நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், பாதை ஏறி இறங்கும். குடையும் வேண்டும், ஜூலை மாதமானாலும் வேண்டும்.